தையல் தெரிந்த கோள்

வரைபட அறையின் பெரிய திரையில் அந்தக் கோள் வயிற்றில் வெட்டுப்பட்டதைப் போலக் கிடந்தது. மேலே வெள்ளை, கீழே பழுப்பு, நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு.

கோள் முழுக்க அப்படி இல்லை. மற்ற எல்லா இடத்திலும் வெண்டெல் கிராஸ் செய்த மேல்பாதியும் ரமோனா ஆர்ச்சுலெட்டா செய்த கீழ்ப்பாதியும் எங்கே சேர்ந்தன என்று கண்டுபிடிக்க முடியாதபடி கலந்திருந்தன. அவர்கள் தொழிலில் அந்தச் சேர்மானத்துக்குத் தையல் என்று பெயர். தையல் தெரிந்தால் வரைபடம் கெட்டது என்று அர்த்தம். ஃபிளாக்ஸ்டாஃபில் அந்த அலுவலகத்தில் கோள்களுக்கு வரைபடம் செய்தவர்கள் எல்லாருக்கும் அதில்தான் பெருமை. இந்த ஒரு திட்டில் மட்டும் இரண்டு பாதியும் ஒட்ட மறுத்தன. திட்டோ தையலின் மேலேயே, நகர மாட்டேன் என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

“பாதி கருகின பான்கேக் மாதிரி இருக்கு,” என்றான் வெண்டெல்.

“என் பாதி கருகல. உன் பாதிதான் இன்னும் வேகல,” என்றாள் ரமோனா.

கோளுக்கு ஓர் எண்ணும் வாயில் நுழையாத ஒரு பெயரும் இருந்தன. அலுவலகத்தில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. நெப்டியூனுக்கும் அப்பால், சூரியன் ஒரு கூரிய புள்ளியாகத் தெரியும் தூரத்தில் இருந்த அதற்கு வெண்டெல்தான் ‘மாமியார்’ என்று பெயர் வைத்தான். விண்கலம் போய்ச் சேரவே வருஷக்கணக்காகிவிட்டது, போன பிறகும் முகம் கொடுக்கவில்லை என்பது அவன் சொன்ன காரணம். “வாயை அடக்கு, நானே ஜூன்ல மாமியாராகப் போறவ,” என்று ரமோனா சொல்லிப் பார்த்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

விண்கலம் மாமியாரை நீள்வட்டத்தில் சுற்றிவந்தது. தெற்கிலிருந்து கிட்டே நெருங்கும், வட துருவத்துக்கு மேலாக விலகிப் போகும். நெருங்கும்போது எடுத்த படங்கள் ரமோனாவுக்கு, விலகும்போது எடுத்தவை வெண்டெலுக்கு என்று முதல் நாளே பிரித்துக்கொண்டார்கள். கேமராவின் நிறக் கணக்கு முழுவதும் ரமோனாவின் பொறுப்பு. கேமராவின் நிற வடிகட்டிக் கண்ணாடிகள் வழியாக வரும் வெறும் எண்களை, இது சிவப்பு, இது பழுப்பு, இது அழுக்கு மஞ்சள் என்று மாற்றிக் கொடுப்பவள் அவள்தான். இரண்டு வருஷமாக இந்த அலுவலகத்திலிருந்து வெளியே போன மாமியார் படம் ஒவ்வொன்றிலும் இருந்தது அவள் கொடுத்த நிறம்.

ஆகவே, திட்டு வெள்ளைதான் என்று தீர்மானமானால் பிசகியது ஒரு திட்டு மட்டும் அல்ல. அவள் பழுப்பு பொய். அது பொய்யானால் இரண்டு வருஷத்துப் படங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்றாவது ஆள் நதீன் ஹால்வர்சன், குழுவின் தலைவர். அவர் காபியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்:

“திங்கக்கிழமை கேமராவுக்கு உத்தரவு போகணும். கலம் இனி இவ்வளவு கிட்டக்க ஒரு தடவைதான் போகும். வெள்ளைன்னா அங்க உறைபனி இருக்கு, கேமராவை அந்தப் பக்கம் திருப்பணும். பழுப்புன்னா வெறும் தரை, வேற இடத்தைப் பாக்கலாம். ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க.”

“பேசிட்டுத்தான் இருக்கோம்,” என்றான் வெண்டெல்.

“நீங்க பேசறது எனக்குப் பக்கத்து அறையில கேக்குது. அதைச் சொல்லல.”

நடுவில் பனி விழுந்திருக்கலாமே என்று ஒரு யோசனை முன்பே வந்திருந்தது. நெருங்கும்போது பழுப்பு, பிறகு பனி விழுந்து விலகும்போது வெள்ளை. ஆனால் அடுத்த சுற்றில் நெருங்கியபோது மறுபடி பழுப்பு, விலகியபோது மறுபடி வெள்ளை. அதற்கடுத்த சுற்றிலும் அதேதான். கலம் வரும்போதெல்லாம் பனியை மடித்து வைத்துவிட்டுப் போகும்போது விரிக்கும் கோள் எதுவும் இல்லை. அப்படியானால் யாரோ ஒருவரின் கணக்கு தப்பு.

மறுநாள் இருவரும் தெற்கே பாலைவனத்தில் இருந்த ஃபீனிக்ஸ் நகருக்குப் போனார்கள். திரையில் தெரியும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒன்றல்ல என்பதால், பெரிய வரைபடங்களின் முதல் அச்சை அச்சகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ரமோனாவின் காரில் போனார்கள். வெண்டெல் தன் பங்குக்குப் பச்சை மிளகாய் பரிட்டோ இரண்டை வாங்கி வந்து, ஊர் எல்லை தாண்டுவதற்குள் இரண்டையும் தானே தின்றான்.

“ஒண்ணு எனக்குன்னு நெனச்சேன்,” என்றாள் ரமோனா.

“நீ வண்டி ஓட்டுற. ஓட்டும்போது சாப்பிட்டா ஆபத்து.”

மார்ச் மாதம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பைன் மரங்கள். எதிரே வந்த குன்றுகள் எல்லாம் மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கிடந்தன. வெண்டெல் இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, “இந்த வருஷம் பனி நல்ல அடி. மே மாசம் வரைக்கும் கெடக்கும்,” என்றான். ரமோனாவின் காது அங்கே இல்லை. நிலாச் சூத்திரம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நிலாவின் தரை உண்மையில் பழைய தார்ச்சாலை அளவுக்குக் கறுப்பு. இருட்டுக்கு நடுவே வெயிலில் தொங்குவதால்தான் நமக்கு வெள்ளை. அதிலும் பௌர்ணமி நிலா பாதி நிலாவைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் என்று எதிர்பார்த்தால், பத்து மடங்குக்கு மேல் தரும். நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் அடிக்கும்போது ஒவ்வொரு கூழாங்கல்லும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்கிறது. பக்கத்திலிருந்து அடித்தால் நிழலெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அதே கல், அதே வெயில். ஆகவே எந்தக் கோளின் படத்தையும் வரைபடத்தில் ஒட்டுவதற்கு முன், வெயில் எந்தக் கோணம், கேமரா எந்தக் கோணம் என்று கணக்குப் போட்டு அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுவார்கள். நிலாவை வைத்து உருவான அந்தக் கணக்குத்தான் நிலாச் சூத்திரம். பிறகு படத்தை வடக்கு மேலே வரும்படித் திருப்பி ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு கேமரா எங்கே நின்றது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லாமல் செய்வதற்குத்தானே அந்தக் கணக்கு.

சூத்திரத்தில் ஓர் எண் தவறியிருக்குமோ என்று மூன்று வாரமாகத் தேடிவிட்டாள். தவறவில்லை. வெண்டெலும் தன் பக்கத்தைத் தேடிவிட்டான். இருவரும் ஒருவர் கணக்கை ஒருவர் வாங்கியும் பார்த்தாயிற்று. அதுதான் இன்னும் மோசம்.

“உனக்கு எப்பவாவது தோணியிருக்கா,” என்றாள், “கோளுக்கு உண்மையான நிறம்னு ஒண்ணு இருக்கான்னு?”

“காலங்கார்த்தால ஆரம்பிக்காதே.”

“இல்ல, நிஜமா. செவ்வாயைப் பக்கத்துல போய்ப் பாத்தா பாதி இடம் கருங்கல்லு. மேல துரு மாதிரி தூசி படிஞ்சிருக்கு, அதனால சிவப்பு. நெப்டியூன்ல நீலமா ஒண்ணுமே கெடையாது. காத்துல இருக்கிற வாயு சிவப்பை முழுங்கிடுது, மிச்சம் நம்ம கண்ணுக்கு வருது. எல்லாமே மேல்தோலு.”

“நம்ம தோலும் அப்படித்தான். உள்ள எல்லாரும் சிவப்பு. இப்ப என்ன சொல்ல வர்ற?”

“தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா.”

அச்சகத்தில் நல்ல சூடு. இருவரும் கோட்டுகளைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அச்சகக்காரர் மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். தாளில் தையல் இன்னும் மோசமாகத் தெரிந்தது. பார்த்ததும் கண் அங்கேதான் போயிற்று.

“இந்த எடத்தை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கொழச்சு விட்டுட்டா போதுமே,” என்றார் அச்சகக்காரர். “யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம்,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தார். “சரி, உங்க கோளு.”

மற்ற நிறங்களைச் சரிபார்த்துவிட்டு, ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாலைவனத்தைத் தாண்டி, கை தூக்கி நிற்கும் கள்ளிகளைத் தாண்டி, கார் வடக்கே மேட்டில் ஏற ஆரம்பித்தது. மறுபடி பைன் மரங்கள் வந்தன. வெண்டெல் கொஞ்சம் தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தான்.

“அடேயப்பா, என்னா வெயிலு. ஒரே பகல்ல எல்லாம் உருகிப் போச்சு.”

எதிரே தெரிந்த குன்றுகளில் பனியே இல்லை. காய்ந்த புல்லும் பழுப்பு மண்ணும்தான். ரமோனாவும் அதைப் பார்த்தாள். காலையில் தான் பார்த்த வெள்ளையை நினைத்துக்கொண்டாள். அவ்வளவு பனி ஒரு பகலில் உருகினால் சாலையோரக் கால்வாயில் தண்ணீர் நுரைத்து ஓட வேண்டும். கால்வாய் காய்ந்து கிடந்தது.

பின்னால் ஒரு லாரி முந்துவதற்கு விளக்கைச் சிமிட்டியது. அதற்கு வழி விடுவதற்காக ரமோனா கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் இருந்த மலை முழுவதும் வெள்ளை.

லாரி முந்திப் போயிற்று. அவள் மறுபடி எதிரே பார்த்தாள், பழுப்பு. கண்ணாடியைப் பார்த்தாள், வெள்ளை. அரை நிமிஷத்துக்கு முன் காரின் முன்கண்ணாடியில் பழுப்பாகத் தெரிந்த அதே குன்றுதான். அதைத் தாண்டி வந்ததும் பின்னால் வெள்ளையாக நின்றது.

காரை ஓரம் கட்டினாள்.

“என்ன, டயரா?” என்றான் வெண்டெல்.

“இறங்கு.”

“குளிருது.”

“இறங்குப்பா. திரும்பிப் பாரு.”

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, திரும்பிப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்தான். மறுபடி பின்னால் பார்த்தான். லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின.

“வடக்குப் பக்கச் சரிவுல வெயில் சரியாப் படாது, பனி உருகாது,” என்றான். “இது என்ன அதிசயம். ஊர்ல குழந்தைக்கும் தெரியும்.”

“தெரியும்ல? வீடு வாடகைக்குப் பாக்கும்போது நீ முதல்ல என்ன கேப்பே?”

“வாசல் எந்தப் பக்கம்னு கேப்பேன்.”

“நான் கேக்காம விட்டேன், வடக்கு வாசல். பதினெட்டு வருஷமா ஏப்ரல் வரைக்கும் வாசல்ல ஐஸைக் கொத்திக்கிட்டு இருக்கேன். எதிர்வீட்டுக்காரன் அரைக்கை சட்டையோட நின்னு காபி குடிச்சிக்கிட்டு எனக்குக் கை ஆட்டுறான். நடுவுல ஒரு தெருதான். இப்ப சொல்லு, எங்க தெரு என்ன நிறம்?”

வெண்டெல் மறுபடி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

“நீ துருவத்துப் பக்கம் போய் நின்னுகிட்டு பாக்கறே,” என்றாள் ரமோனா. “துருவத்தைப் பாத்த சரிவு பூரா உன் கண்ணுல படுது. நான் தெற்கிலேர்ந்து வர்றேன். வெயிலைப் பாத்த சரிவுதான் எனக்குத் தெரியுது. அந்தத் திட்டு பூரா சின்னச் சின்ன மேடா இருந்தா?”

“மேடு இருந்தா படத்துல தெரிஞ்சிருக்கும்.”

“நம்ம படத்துல ஒரு புள்ளி ஒரு கால்பந்து மைதானம் அளவு. மைதானத்துக்குள்ள வீடு உயரத்துக்கு நூறு மேடு இருந்தாலும் ஒரே புள்ளி, ஒரே நிறம். நமக்கு மேடு தெரியாது. மேட்டோட எந்தப் பக்கம் நம்மைப் பாத்துட்டு இருக்கோ, அந்த நிறம் மட்டும் வந்து சேரும்.”

அவன் சாலையோரத் தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டான். அவனுக்கு எதிலும் உடனே ஒத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. ரமோனாவுக்கு அவனிடம் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான்.

“இங்க நமக்கு வானம் இருக்கு,” என்றான். “நிழல்ல கெடக்கிற பனி மேலயும் வானத்து வெளிச்சம் படும், அதனால தெரியுது. மாமியாருக்கு ஏது வானம்? காத்துன்னு பேருக்கு இருக்கு. அங்க நிழல்னா கருமை. நிழல்ல உறைபனி இருந்தா என் கேமராவுக்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. ரமோனா அதை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பின்னால் நின்ற குன்றில் வெயில் இப்போது சாய்ந்திருந்தது. வடக்குச் சரிவில் பாதிக்கு மேல் அது பட்டுக்கொண்டும் இருந்தது. ஆனால் மேலோட்டமாக, தடவிக்கொண்டு போவதுபோல.

“முழு நிழல் வேண்டாம்,” என்றாள் மெதுவாக. “சரிவு ரொம்பச் செங்குத்தா இல்லாம இருந்தா போதும். வெயில் படும், ஆனா சாய்ஞ்சு படும். பாக்கறதுக்குப் போதுமான வெளிச்சம், உருக்கறதுக்குப் போதாத சூடு. அந்தா பாரு. அது நிழல்லயா இருக்கு?”

வெண்டெல் பார்த்தான்.

“இல்ல,” என்று ஒத்துக்கொண்டான். பிறகு, “நிலாச் சூத்திரம்,” என்றான்.

“அதேதான். கோணத்தை மட்டும் கேக்குது. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கேக்கறதே இல்ல. நிலாவுல பனி இல்ல, எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் அதே கல்லு. அதனால யாரும் கேக்கல. நாமும் அதை எடுத்து அப்படியே போட்டோம்.”

“நாம இல்ல, அம்மணி. போட்டது நீ.”

“சரிபாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு?”

அவன் காருக்குள் ஏறிக்கொண்டான்.

அலுவலகத்துக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருவரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். யோசனை நன்றாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. அவள் சொன்னது சரியென்றால், கலம் திட்டுக்கு நேர் மேலே பறந்த சில நிமிஷங்களில் எடுத்த படங்களில் திட்டு வெள்ளையாகவும் இருக்கக் கூடாது, பழுப்பாகவும் இருக்கக் கூடாது. நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டு சரிவும் சம அளவில் தெரியும். பால் கலந்த காபி மாதிரி ஒரு நிறம் வர வேண்டும்.

“அந்தப் படமெல்லாம் யாருகிட்ட போச்சு?” என்று கேட்டாள். “என் பாதியில இல்ல.”

வெண்டெல் கழுத்தைச் சொறிந்தான். “என் பாதியிலயும் இல்ல.”

“எங்கதான் இருக்கு?”

“குப்பையில போட்டுட்டேன்.”

“வெண்டெல்.”

“அழிக்கலம்மா, ஒதுக்கி வெச்சேன். உன் நிறத்தோடயும் சேரல, என் நிறத்தோடயும் சேரல. கேமராக் கண்ணாடியில ஏதோ படிஞ்சிருக்குன்னு நெனச்சேன். நீயும்தான் பாத்துட்டு ஆமான்னே.”

அவள் ஆமாம் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு நிறங்களில் எது சரி என்ற சண்டையில் மூன்றாவதாக ஒன்று வந்தபோது, இருவரும் சேர்ந்து அதை வெளியே அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே வரவில்லை.

ஒதுக்கிய படங்களையும் இருவர் பாதிகளின் மூலப் படங்களையும் சேர்த்துத் திறந்தாள். வரைபடத்துக்காகத் திருப்பியவை அல்ல, கேமரா அனுப்பிய கோலத்திலேயே கிடந்தவை. அந்த அலுவலகத்தில் எல்லாரும் படங்களைத் தேதி வாரியாகவே அடுக்குவார்கள். அவள் தேதியை விட்டுவிட்டு, கேமரா நின்ற இடத்தை வைத்து அடுக்கச் சொன்னாள். தெற்குக் கோடியில் நின்றது முதலில், துருவத்துக்கு அருகில் நின்றது கடைசியில். எந்தச் சுற்று, எந்த மாதம் என்று பார்க்கவில்லை.

திரையில் திட்டு வரிசையாக வந்தது. அடர்ந்த பழுப்பு. கொஞ்சம் வெளிறிய பழுப்பு. ஈர மணல். பால் காபி. இன்னும் பால் கூடின காபி. சாம்பல் வெள்ளை. வெள்ளை. இடையில் எங்கும் ஒரு குதிப்பும் இல்லை. பக்கத்து இடங்களையும் அப்படியே அடுக்கிப் பார்த்தார்கள். அவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாமல் ஒரே நிறத்தில் கிடந்தன.

வெண்டெல் எழுந்துபோய்த் தானியங்கிப் பெட்டியிலிருந்து ஒரு சாக்லேட் வாங்கி வந்து, அவளிடம் முழுசாகக் கொடுத்தான்.

நதீன் திங்கட்கிழமை காலை அந்த வரிசையை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை பின்னாலிருந்து முன்னால் ஓட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் காபியைக் கீழே வைத்திருந்தார்.

“கேமரா அந்தத் திட்டுக்குத்தான் போகுது,” என்றார். “ஒரே சுற்றுல எத்தனை பக்கத்துலேர்ந்து எடுக்க முடியுமோ அத்தனை பக்கமும் எடுக்கச் சொல்றேன். மேடு எவ்வளவு உயரம், பனி எவ்வளவு கனம் எல்லாம் அதுல வந்துடும். நல்ல வேலை.” பிறகு நாற்காலியை ரமோனா பக்கம் திருப்பினார். “வரைபடத்துக்கு என்ன பண்றது? அது இந்த வாரம் அச்சுக்குப் போகணும். புதுப் படம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது.”

ரமோனா திரையில் இருந்த தையலைப் பார்த்தாள்.

“தரை பழுப்புதானே,” என்றார் நதீன். “பனி மேல படிஞ்ச மெல்லிசு. பருவம் மாறினா போயிடும். அப்படிப் பாத்தா உன் பழுப்புதான் தரையோட நிறம். திட்டை முழுசா உன் நிறத்துல போட்டுடலாம். வெண்டெல், உனக்குச் சம்மதமா?”

வெண்டெல் தோளைக் குலுக்கினான். “அவ கண்டுபிடிச்சது. அவ நிறம் இருக்கட்டும்.”

மூன்று வாரமாக ரமோனா கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அதுதான். அவள் கணக்கு சரி, அவள் பழுப்பு சரி, இரண்டு வருஷத்துப் படங்களும் இருந்த இடத்தில் இருக்கும். தலையை ஆட்டினால் போதும்.

“துருவத்துக்கு மேல நின்னு பாக்கிறவனுக்கு அங்க பழுப்பே தெரியாது,” என்றாள். “இது தரைக்கு வரைபடமா, பாத்ததுக்கு வரைபடமா?”

“அப்ப நடுவுல இருக்கிற நிறம். பால் காபி.”

“அது நேர் மேல நிக்கிறவனுக்கு மட்டும். அங்க கலம் நின்னது சில நிமிஷம்தான்.”

“ரமோனா,” என்றார் நதீன், பொறுமையாக. “ரெண்டு நிறம் சொல்லிட்டேன். நீயே ஒண்ணு சொல்லு.”

“தையலை அப்படியே விட்டுடலாம். மேல அவன் வெள்ளை, கீழ என் பழுப்பு. ஓரத்துல ரெண்டு அம்புக்குறி, எது எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததுன்னு.”

வெண்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த அலுவலகத்திலிருந்து தையல் தெரிய ஒரு வரைபடம் வெளியே போனதாக அவர்கள் யாருக்கும் நினைவில்லை.

“சொல்றதைக் கேளு,” என்றார் நதீன். “அம்புக்குறியை யாரும் படிக்கப்போறதில்ல. கோட்டைத்தான் பாப்பாங்க. பாத்ததும் முதல்ல சந்தேகப்படப்போறது உன் நிறக் கணக்கைத்தான். நாம விளக்கம் எழுதி அது வெளியே வர்றதுக்குள்ள வருஷம் ஓடிடும். அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நீதான் பதில் சொல்லணும். பழுப்பைப் போட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“கேக்க மாட்டாங்க,” என்றாள் ரமோனா. “அதான் பயமா இருக்கு. நாமளும் கேக்கலியே.”

நதீன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, “பதில் சொல்றது உன் பாடு,” என்று கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

இரண்டு பாதிகளையும் இணைக்கும் நிரலை ரமோனா திறந்தாள். தையல் ஓடும் இடத்தில் இரு பக்க நிறத்தையும் எவ்வளவு அகலத்துக்குக் குழைக்க வேண்டும் என்று அது எப்போதும் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கட்டத்தில் எத்தனையோ எண்களை இட்டிருக்கிறாள். அகலமாகக் குழைத்தால் எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது, குறுகலாகக் குழைத்தால் தேர்ந்த கண் மட்டும் கண்டுபிடிக்கும். கோள் முழுக்க வழக்கமான எண்ணையே இருக்கவிட்டாள். திட்டு இருந்த துண்டுக்கு மட்டும் பூஜ்யம் என்று அடித்தாள்.

நிரல் ஒருமுறை எச்சரித்தது. பரவாயில்லை என்று அழுத்தினாள்.

திரையில் கோள் மெதுவாகத் திரும்பிக் கட்டப்பட்டு வந்தது. பள்ளங்கள், சமவெளிகள், துருவத்து மங்கல், எல்லாம் ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்ந்தன. திட்டுக்கு வந்ததும் கத்தியால் கீறியதுபோல அந்தக் கோடு. வெண்டெல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மறுபக்கமாகச் சாய்த்துப் பார்த்தான்.

“இப்படி ஒரு அசிங்கத்துல என் பேரு வரும்னு கனவுல கூட நெனக்கல,” என்றான்.

“வேணாம்னா சொல்லு. உன் பேரை எடுத்துடறேன்.”

“எடுத்துத்தான் பாரேன்.”

அவள் திட்டின் ஓரத்துக்குப் போய், கோட்டிலிருந்து மேலே நோக்கி ஓர் அம்பும் கீழே நோக்கி ஓர் அம்பும் வரைந்தாள். மேல் அம்பின் பக்கத்தில் அவன் பெயரையும் கீழ் அம்பின் பக்கத்தில் தன் பெயரையும், படிக்கிற அளவுக்குப் பெரிதாக இட்டாள்.